மேடைக்குக் கீழே ஒரு வட்டம்

மரக்காணம் பக்கத்துக் குப்பங்களில் திருவிழா மேடையேறும் ஆடல் பாடல் நிகழ்ச்சியில் ஒரு பையன் மணிக்கட்டில் ஓர் அலையைத் தொடங்குவான். அது தோள் வழியாக மறு கைக்குப் போய்ச் சேரும். அடுத்த நொடி குத்துக்கு இறங்கிவிடுவான். இந்தக் கலப்படத்தைப் பார்த்து, ஹிப்ஹாப் அறிந்த நகரத்து ரசிகர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை.

ஹிப்ஹாப்பே கலப்புதான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் நடந்த விருந்தை அதன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அங்கே இசைத்தட்டு சுழற்றிய கூல் ஹெர்க் ஜமைக்காவிலிருந்து வந்தவர். லாக்கிங் என்ற ஆட்டத்தைத் தொடங்கிய டான் கேம்ப்பெல் லாஸ் ஏஞ்சலிஸ்காரர். பாப்பிங் ஃப்ரெஸ்னோவின் பூகலூ சாம் வழி வந்தது. இரண்டும் ஃபங்க் இசைக்குப் பிறந்தவை. எண்பதுகளின் சினிமாதான் எல்லாவற்றையும் 'பிரேக் டான்ஸ்' என்று ஒரே மூட்டையாகக் கட்டியது.

நமக்கு அந்த மூட்டையைப் பிரித்தவர் பிரபுதேவா. 1993இல் 'ஜென்டில்மேன்', அடுத்த ஆண்டு 'காதலன்'. மூட்டுக்கு மூட்டு தனித்தனியாக அசையும் பாப்பிங் உத்தியில், பரதம் முறையாகப் பயின்ற உடம்பின் கால் சுத்தமும் சேர்ந்திருந்தது. 'முக்காபுலா' பாட்டில் கிராஃபிக்ஸ் தயவால் உடல் மறைந்து உடுப்பு மட்டும் ஆடும். பின்னால் வந்த பலர் கற்றுக்கொண்டது அந்த உடுப்பைத்தான்.

உண்மையான இழப்பு வேறு. பிராங்க்ஸில் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் உள்ளே போய் ஆடுவார், அடுத்தவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். நம் சினிமா அந்த வட்டத்தை உடைத்து, நாயகனை முன்னாலும் வரிசையைப் பின்னாலும் நிறுத்தி, எல்லாரையும் கேமராவைப் பார்க்க வைத்தது. 2007இல் வந்த 'மானாட மயிலாட' தொலைக்காட்சிப் போட்டி அதற்கு மார்க்கும் போட்டது. இப்போது செல்போன். அதைப் பார்த்து மனப்பாடம் செய்த அரை நிமிடம் முடிந்ததும் பையனுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பிரேக்கிங் போட்டியில்கூடச் சொந்தக் கற்பனைக்கும் இசையோடு இயைவதற்கும் மதிப்பெண் இருந்தது.

பதில் சொல்லும் வித்தை நமக்குப் புதிதுமல்ல. விழுப்புரம் மாவட்டத் தெருக்கூத்தில் மூன்று பக்கமும் சனம் உட்கார்ந்திருக்க, கட்டியங்காரன் அந்த நேரத்து வம்பையெல்லாம் இழுத்துப் பேசுவான், ஆடுவான். கூத்து வாத்தியாரையும் வெஸ்டர்ன் மாஸ்டரையும் ஒரே களத்தில் யாரும் உட்கார வைத்து நான் பார்த்ததில்லை.

போனைக் குறை சொல்வதற்கும் எல்லை உண்டு. பரத அரங்கேற்றச் செலவை இந்தப் பக்கத்து உப்பளக் கூலியில் நினைத்துப் பார்க்க முடியுமா? பருவத் தொடக்கத்தில் பாத்திச் சேற்றைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். அதை நடனம் என்று எழுதக் கை துறுதுறுக்கும். அது கூலி வேலை. அந்தக் கால்களில் சாயங்காலம் ஆட மிச்சமிருப்பதே பெரிய விஷயம். அதற்குக் குருதட்சணை கேட்காத வாத்தியார் போன்தான்.

மேடை நிகழ்ச்சி நடக்கும்போதே கீழே மேளத்துக்கு ஒரு வட்டம் கூடிவிடுகிறது. நான் தேடும் சண்டையும் பதிலும் அங்கேதான் நடக்கின்றன. ஆனால் அந்த வட்டத்துக்குள் ஒரு பெண்கூட இல்லை. பள்ளி ஆண்டுவிழாவோடு ஆட்டத்தை நிறுத்தச் சொல்லப்பட்ட பெண்பிள்ளைகள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் சாய்த்துவைத்த அதே போனைப் பார்த்துத்தான் ஆடுகிறார்கள்.