கூலிக்கு எழுதிய சொல்

ஓர் எழுத்தாளரை மதிப்பிடும்போது, அவர் முதிர்ந்த பருவத்தில் படைத்தவற்றையே நாம் பெரும்பாலும் கையில் எடுக்கிறோம். இளமையில் வயிற்றுப்பாட்டுக்காக எழுதியவற்றை ஒதுக்கிவிடுகிறோம். ஆங்கில எழுத்தாளர் டாரதி எல். சேயர்ஸ் (1893–1957) வகையில் அவ்வாறு ஒதுக்கினால் அவரைப் பாதிதான் அறிந்தவர்களாவோம். தாந்தேயின் பெருங்காவியத்தை மொழிபெயர்த்தவர், இயேசுவின் வாழ்வை வானொலி நாடகமாக்கியவர், உழைப்பின் பொருளைக் கிறிஸ்தவ நோக்கில் ஆராய்ந்தவர் என்றெல்லாம் போற்றப்படும் இவர், முப்பது வயதை எட்டுமுன் விளம்பர வாசகம் எழுதும் வேலைக்குச் சேர்ந்தவர். அந்த அனுபவத்தைக் கருவாகக் கொண்டு அவர் 1933இல் வெளியிட்ட 'மர்டர் மஸ்ட் அட்வர்டைஸ்' என்னும் துப்பறியும் நாவலை இங்கே ஆராய முற்படுகிறோம்.

ஆங்கிலிக்கன் குரு ஒருவரின் மகளான சேயர்ஸ், ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்து அங்கேயே சாமர்வில் கல்லூரியில் பயின்றார். 1915இல் படிப்பை முடித்தும், பெண்களுக்குப் பட்டம் வழங்க அப்பல்கலைக்கழகம் முன்வந்த 1920ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1922இல் லண்டனில் எஸ்.எச். பென்சன் நிறுவனத்தில் சேர்ந்தார். கோல்மன் கடுகுக்காக 1926இல் அந்நிறுவனம் நடத்திய 'கடுகுக் கழகம்' என்ற விளம்பரத் தொடரில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. இல்லாத ஒரு கழகத்துக்குப் பொறுப்பாளர்களையும் விதிகளையும் கற்பித்து, உணவு மேசையின் ஓரத்தில் கிடந்த கடுகை நாடே பேசும்படி செய்த விளையாட்டு அது. அதில் யாருக்கும் தீங்கில்லை. சொல்லோடு சொல் மோதும் குறும்பு மட்டுமே உண்டு.

நாவலுக்கு வருவோம். பிம்ஸ் பப்ளிசிட்டி என்னும் விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதிவந்த விக்டர் டீன், இரும்புச் சுழற்படியிலிருந்து விழுந்து இறக்கிறான். உண்மையைக் கண்டறிய, பிரபு குலத்தவரான லார்டு பீட்டர் விம்ஸி வேறு பெயரில் அவனுடைய இடத்தில் வேலைக்கு அமர்கிறார். வாழ்நாளில் முதன்முறையாகச் சம்பளம் வாங்கும் அவருக்கு அத்தொழில் பிடித்தும் போகிறது. ஒரு சிகரெட்டுக்காக அவர் வகுக்கும் விளம்பரத் திட்டம் பெருவெற்றி அடைகிறது.

அந்த அலுவலகத்தை வெறுப்பின்றி வரைந்திருப்பது நாவலின் முதற்சிறப்பு. தேநீர் வேளைக் கிண்டல், தலைப்பு ஒன்றுக்காக நடக்கும் நீண்ட வாக்குவாதம், இறுதி நேரத்தில் வாசகத்தை மாற்றச் சொல்லும் வாடிக்கையாளர் என, எல்லாவற்றையும் உள்ளிருந்து அறிந்தவரின் கை தெரிகிறது. சொல்லைச் செதுக்குவதில் அங்குள்ளோர் காணும் மகிழ்ச்சி பொய்யன்று. ஆயினும் அம்மகிழ்ச்சியின் நடுவிலேயே ஆசிரியர் ஒரு முள்ளை வைக்கிறார். இவ்விளம்பரங்கள் யாரைக் குறிவைக்கின்றன என்று விம்ஸி சிந்திக்கிறார். அவரைப் போன்ற செல்வர்களை அன்று. எட்டாத சொகுசுக்கும் கிட்டாத ஓய்வுக்கும் ஏங்கியபடி, அரிதில் ஈட்டிய சில காசுகளை வைத்திருப்பவர்களையே. நரம்புத் தளர்ச்சிக்கு மருந்தென்று விற்கப்படும் 'நியூட்ராக்ஸ்' அச்சம் கொண்டவர்களின் அச்சத்தையே மூலதனமாக்குகிறது. கடுகுக் கழகம் சிரிப்பை விதைத்தது. நியூட்ராக்ஸ் கவலையை விதைக்கிறது. இரண்டையும் எழுதும் திறமை ஒன்றுதான்.

கதையின் மர்ம முடிச்சும் இதே கருத்தைத் தாங்கி நிற்கிறது. போதைப்பொருள் கும்பல் ஒன்று, வாரந்தோறும் தன் சரக்கைக் கைமாற்றும் மதுக்கடையை நியூட்ராக்ஸ் விளம்பரத் தலைப்பின் முதல் எழுத்தைக் கொண்டு குறிக்கிறது. அவ்வெழுத்தை முன்கூட்டியே வெளியே தெரிவிப்பவர் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் டால்பாய். ஏதோ பந்தய விளையாட்டு என்று நம்பிச் சிறுதொகைக்கு இசைந்தவர், மீளமுடியாமல் சிக்கிக் கொலையும் செய்கிறார். தலைப்பை எழுதியவர்களோ ஒன்றும் அறியார். சொல் அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். அது யாருக்கு ஊழியம் செய்கிறது என்று பார்க்கவில்லை. நம்மைப் பொறுத்தவரை நாவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

குறைகளும் உண்டு. போதைக் கும்பலின் இரவு விருந்துகள் செயற்கையாக இருக்கின்றன. அவ்வுலகைத் தாம் நேரில் அறிந்ததில்லை என்பதைப் பின்னாளில் ஆசிரியரே ஏற்றுக்கொண்டார். அதனினும் பெரிய குறை வேறு. குற்றம் முழுவதும் கும்பலின் தலைமேல் விழுவதால், விளம்பர அலுவலகம் தீர்ப்புக்குத் தப்பிவிடுகிறது. வாசகர் சிரித்தபடியே நூலை மூடிவைத்துவிடலாம். குடும்பத்தின் மானத்தைக் காக்கும்பொருட்டு, கொலையாளிகள் காத்திருக்கும் தெருவில் டால்பாயைத் தனியே நடந்துபோக விம்ஸி அனுப்பிவைக்கும் முடிவும் நமக்கு ஏற்புடையதன்று. உயிர் இறைவனுடையது, மானத்துக்கு விலையாக அதைக் கொடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

நாவல் ஒத்திவைத்த தீர்ப்பைச் சேயர்ஸ் போர்க்காலத்தில் வழங்கினார். 1941இல் லண்டனில் ஆற்றிய 'மற்ற ஆறு தலையான பாவங்கள்' என்னும் உரையில், ஒழுக்கக்கேடு என்றதும் காமத்தை மட்டும் எண்ணி, பேராசையையும் பெருந்தீனியையும் மறந்துவிடும் கிறிஸ்தவர்களை அவர் கடிந்துகொண்டார். தேவையற்றதை வாங்கத் தூண்டிக்கொண்டே இருந்தால்தான் சுழலும் பொருளாதாரத்தைப் பெருந்தீனியின் கீழேயே வைத்தார். 1942இல் ஆற்றிய 'ஏன் வேலை?' என்னும் உரையில், செய்யும் பொருள் செய்யத்தக்கதுதானா என்று கேட்குமாறு உழைப்பவரை வேண்டினார். தச்சனைக் குடிக்காதே என்று எச்சரிப்பதோடு திருச்சபை நின்றுவிடலாகாது. நல்ல மேசை செய்வதே அவனுடைய முதற்கடமை என்றும் கற்பிக்கவேண்டும் என்பது அவர் வாதம். விளம்பரத் தொழிலை வெளியிலிருந்து தூற்றியவர் அல்லர் அவர். அதில் வல்லவராக விளங்கியவர்; அதனாலேயே அவருடைய சொல்லுக்குக் கனம் இருக்கிறது.

அவ்விளமைப் பயிற்சி வீணாகவும் இல்லை. சுருங்கச் சொல்லுதல், கேட்பவரின் காதுக்கேற்பப் பேசுதல் ஆகியவை விளம்பரத்துக்கு உயிரான பண்புகள். 1941 டிசம்பர் முதல் பி.பி.சி. ஒலிபரப்பிய 'தி மேன் பார்ன் டு பி கிங்' நாடகத் தொடரில், சீடர்கள் அன்றாட ஆங்கிலத்தில் உரையாடினர். இது இறைநிந்தை என்று சில அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. ஆயினும் ஆலய மொழிக்குப் பழகி மரத்துப்போன காதுகளுக்கு நற்செய்தி புதுச்செய்தியாகக் கேட்டது. கடுகுக்கு உழைத்த சொல் கல்வாரிக்கும் உழைத்தது.

இன்று நம் இல்லங்களிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் விளம்பரத்திலும் ஊடகத்திலும் சமூக விழிப்புணர்வுப் பணியிலும் நுழைகிறார்கள். ஒரே பேனா காலையில் ஒரு பற்பசைக்கும், மாலையில் ஒரு தடுப்பூசி முகாமுக்கும் எழுதுகிறது. கூலிக்கு எழுதுவது இழிவன்று. உழைப்பவர் தம் கூலிக்கு உரிமை உடையவரே. ஆனால் நாம் எழுதும் தலைப்பின் முதல் எழுத்து எவருக்குக் குறிப்பாகிறது என்று கேட்கும் கடமையைக் கூலி நீக்கிவிடுவதில்லை. அக்கேள்வியைக் கேட்கத் துணியும் இளம் எழுத்தாளருக்கு இந்நாவல் நல்ல துணை. நாவலோடு அவ்விரு உரைகளையும் சேர்த்துப் படித்தால் துணை முழுமையாகும்.