கூரை வந்தது, விளக்கு போனது

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் நடுமுற்றத்தில் 1857-ல் வட்ட வாசகசாலை எழுந்தது. சுற்றிலும் புத்தகக் கிடங்குகள் அடைத்துக்கொள்ள, முற்றம் நூற்றாண்டுக்கு மேல் மக்கள் கண்ணில் படவில்லை. 1997-ல் வாசகசாலை வேறிடம் போனபின், நார்மன் ஃபாஸ்டர் கிடங்குகளை அகற்றி, 3,312 கண்ணாடிகளால் கூரை வேய்ந்தார், 2000-ல் திறப்பு. நடுவட்டத்தைச் சுற்றுக்கட்டடத்தோடு இணைக்க, ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத கண்ணாடிகள். மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் முற்றம் துலங்க, நடுநாயகம் மங்கியது. அப்போது எல்லோருக்கும் திறந்துவிட்ட பழைய வாசகசாலை 2007-ல் கண்காட்சிக்கூடமானது; 2013-க்குப் பின் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. சுற்றிலும் கடையும் காபியும் நடந்தன. நானும் கடைக்காரன்தான், கடை கூடாதுன்னு சொல்லமாட்டேன். ஆனால் சாத்திர தானத்தை நால்வகைத் தானத்துள் ஒன்றாக எண்ணும் சமணனுக்கு மனம் ஒப்பவில்லை. விளக்கை அணைச்சுட்டு மாடத்துக்கு வெள்ளையடிச்சா வெளிச்சம் வருமா?