வேட்டை நூல்களும் காட்டு நீதியும்

ஆங்கில இலக்கியத்தில் வேட்டை நூல்கள் என்று ஒரு தனி வகை உண்டு. தமிழில் அவை அரியன. மலாய் நாட்டுக் காடுகளைக் களமாகக் கொண்டு எழுந்த அத்தகைய நூல்களுள் மூன்றனை ஈண்டு எடுத்து ஆராயப் புகுகின்றோம். யானையும் செலாடாங் என்னும் காட்டெருதும் வேட்டையாடியது பற்றித் தியோடர் ஹபேக் 1905ல் வெளியிட்ட நூல் ஒன்று. ஜார்ஜ் மாக்ஸ்வெல் 1907ல் வெளியிட்ட ‘மலாய்க் காடுகளில்’ என்னும் நூல் மற்றொன்று. திரெங்கானுவில் அதிகாரியாக இருந்த லாக் என்பார் 1954ல் வெளியிட்ட ‘திரெங்கானுப் புலிகள்’ மூன்றாவது.

பொழுதுபோக்குக்காக இவற்றைப் படிப்போர் படித்து மகிழலாம், அதில் தவறில்லை. ஆயின், இவ்வகை நூல்களைப் போற்றுவோர் அவற்றினின்று ஒரு கொள்கையை வடித்தெடுத்து நம்முன் வைக்கின்றனர். வேட்டைக்காரனே காட்டின் உண்மைக் காவலன் என்பதே அக்கொள்கை. வேட்டையாடுவோர் இருந்தமையாலன்றோ காடு பிழைத்தது என்று அவர்கள் கேட்கின்றனர். இக்கூற்று மெய்தானா? மெய்யாயின், எவ்வளவு மெய்? காடு அழித்து உண்டாக்கிய நிலத்தில் உழைத்து உண்ணும் நமக்கு இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று. ஆதலின் இதனைச் சற்று ஊன்றிப் பார்ப்போம்.

வேட்டைக்காரர் பக்கத்து நியாயம்

முதலில் எதிர்க்கட்சியாரின் நியாயத்தைக் குறைக்காமல் கூறிவிடுவதே நேர்மை. காட்டைத் தொலைவில் நின்று பார்ப்பவனுக்கு அது பச்சைச் சுவர். வேட்டைக்காரனுக்கோ அது எழுத்து நிறைந்த ஏடு. பதிந்த குளம்பின் ஓரம் காய்ந்திருக்கிறதா, மிதிபட்ட புல் நிமிர்ந்துவிட்டதா, உப்பு மண் தின்ன விலங்குகள் வரும் இடம் எது என்பனவற்றை அவன் அறிவான். இவ்வறிவு நூல்களில் நன்கு வெளிப்படுகிறது. மாக்ஸ்வெல் மலாய் மக்களின் வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் இகழாமல் எழுதுகிறார். அவர் எழுத்தில் காடும் காட்டோர மக்களும் சேர்ந்தே காட்சி தருகின்றனர். இது பாராட்டத்தக்கதே.

அடுத்து, இவ்வேட்டைக்காரரிடம் ஓர் ஒழுக்க முறை இருந்தது. குட்டியைச் சுடலாகாது, குட்டியோடு இருக்கும் தாயைச் சுடலாகாது, காயம்பட்ட விலங்கைத் துடிக்க விட்டு வீடு திரும்பலாகாது, இறைச்சி விற்பதற்காகக் கண்டபடி கொல்லலாகாது என்பன அம்முறையின் விதிகள். எல்லாரும் அவற்றின்படி நடந்தனர் என்று நாம் கூறவில்லை. ஆயினும், விதி என்று ஒன்று இருந்ததே ஒரு நன்மை.

மூன்றாவதாக, பொருள் வலிமை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1937ல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கியது. அந்நாட்டில் மானினமும் பறவையினமும் மீண்டு பெருகியதில் அப்பணத்துக்குப் பங்குண்டு. இதனை மறுப்பவர் உண்மையை மறுப்பவரே ஆவர்.

ஹபேக்கின் வாழ்வு கூறும் பாடம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1905ல் வேட்டை நூல் எழுதிய அதே ஹபேக்தான் பிற்காலத்தில் மலாய் நாட்டு வனவிலங்குகளுக்காக மிகுதியும் வாதாடியவர். 1930ல் அமைந்த வனவிலங்கு விசாரணைக் குழுவின் பொறுப்பை ஏற்று, ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டு, 1932ல் மூன்று தொகுதிகளாக அறிக்கை அளித்தார். பகாங்கில் 1925ல் ஒதுக்கப்பட்ட குனோங் தாஹான் காப்பிடம், 1938, 1939 ஆம் ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களின் சட்டங்களால் விரிவடைந்து, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்காவாயிற்று. நாடு விடுதலை பெற்றபின் அதுவே தாமான் நெகாரா எனப் பெயர் பெற்றது. ஏறத்தாழ 4,343 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள அக்காடு இன்றும் நிற்கிறது. ஹபேக் 1942ல் மறைந்தார்.

வேட்டைக்காரர் கட்சியார் இவ்வரலாற்றைத் தம் வெற்றிக்கொடியாகத் தூக்கிப் பிடிக்கின்றனர். நாமோ இதே வரலாற்றிலிருந்து வேறொரு முடிவுக்கு வருகின்றோம். நண்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்: அந்தப் பெரிய வேட்டைக்காரர் நாட்டுக்கு விட்டுச்சென்ற நிலையான செல்வம் எது? பொழுதுபோக்குக்காக எவரும் துப்பாக்கி தூக்கலாகாத ஒரு காடு! அவருடைய வேட்டை அவருக்குக் காட்டைப் பற்றிய அறிவையும் அன்பையும் தந்தது என்பது உண்மை. ஆயின் காட்டைக் காத்தது அவர் சுட்ட குண்டன்று. சுடலாகாது என்று அவர் கேட்டுப் பெற்ற சட்டமே. ஏணியால் ஏறியவர் ஏணியைப் போற்றலாம். ஏணியே மாடி என்று சாதிப்பது தகுமா?

ஒரு தடை எழலாம். புலி 1976 முதல் முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. வேட்டை நின்று அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. ஆயினும் புலி பெருகவில்லையே என்று கேட்பர். கேள்வி நியாயமானது. லாக் தம் நூலில் மலாய் நாட்டுப் புலிகளை ஏறத்தாழ 3,000 என்று மதிப்பிட்டார். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, எஞ்சியவை 150க்கும் குறைவு என்றது. லாக்கின் எண் மதிப்பீடேயன்றிக் கணக்கன்று. எனினும் வீழ்ச்சியின் ஆழத்தை எவரும் ஐயுறார். வேட்டையை நிறுத்தியதாலா இந்த வீழ்ச்சி? அன்று. புலி வாழ்ந்த தாழ்நிலக் காடு கித்தாவுக்கும் செம்பனைக்கும் இடம் கொடுத்தது. எஞ்சிய காட்டில் கம்பிக் கண்ணிகள் பெருகின. புலிக்கு இரையான மானும் குறைந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது; அதனைக் காட்டுக்குள் நடத்திச் செல்லும் கால்கள் போதவில்லை. அண்மைக் காலத்தில் ஓய்வுபெற்ற படைவீரரையும் தடம் அறிந்த பூர்வகுடியினரையும் காவலராக அமர்த்தியிருப்பது இக்குறையை உணர்ந்தே. வேட்டைக்காரனிடம் போற்றத்தக்கது எதுவோ, அந்தத் தடமறியும் திறன், கொலையின்றியே காட்டுக்குப் பயன்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நூல்கள் விட்டுவிட்ட மனிதர்

இனி இலக்கியக் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வகை நூல்களில் விலங்குக்கு முகமுண்டு, சுடுபவருக்கு முகமுண்டு, விலங்கின் வாயில் விழுந்தவருக்குப் பெரும்பாலும் முகமில்லை. விடியுமுன் எழுந்து, இருளில் பால்மரத்தின் அடியில் குனிந்து கோடு கீறும் தொழிலாளி, புலிக்கு எத்துணை எளிய இரை என்பதைத் தோட்டத்தார் அறிவர். நூலிலோ அவர் பலியானவர் தொகையில் ஓர் எண்ணாக வந்து மறைகிறார். அவர் பெயர் என்ன, வீட்டில் எத்தனை வாய்கள் அவர் கூலியை நம்பி இருந்தன என்று கேட்க எழுத்தாளருக்கு நேரமில்லை. தடம் ஆறிவிடும் என்று விரைகிறார்.

இப்படித்தான் எழுத முடியும் என்பதில்லை. இந்தியாவின் குமாவுன் மலைநாட்டு ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி ஜிம் கார்பெட் 1944ல் வெளியிட்ட நூலைப் பாருங்கள். மடிந்தவரின் ஊருக்குள் நாமும் நுழைகிறோம்; அடைத்த கதவுகளையும் அறுக்கப்படாத கதிரையும் காண்கிறோம். வேட்டை நூல் மனிதனை மறவாதிருக்க முடியும் என்பதற்கு அது சான்று. அந்நூலிலேயே வேட்டைக்காரர் வாதத்தை அசைக்கும் செய்தி ஒன்றும் உள்ளது. 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சம்பாவத்துப் பெண்புலியைக் கார்பெட் 1907ல் சுட்டார். அதன் கோரைப் பற்கள் பழைய குண்டுக் காயத்தால் முன்பே உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பிடிக்க இயலாமையாலேயே அது மனிதரைத் தேடிற்று என்பது அவர் முடிவு. எவரோ ஒருவர் குறிதவறிச் சுட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார். அதன் விலையைப் புல் அறுக்கப் போன பெண்கள் கொடுத்தனர். காவலன் என்று பட்டம் கேட்கும் வேட்டைக்காரர் இந்தக் கணக்கையும் தம் பேரேட்டில் எழுதிக்கொள்ள வேண்டாவா?

மனித உயிர் பெரிதன்று என்று எவரும் நம்மைத் திரித்துக் கூறவேண்டா. ஊருக்குள் வந்து ஆளைக் கொல்லும் விலங்கை அடக்கியே ஆகவேண்டும். பிடித்து அகற்ற இயலாவிடில் கொல்வதும் கடமையே. 2023ல் கிளந்தானின் குவா மூசாங் வட்டாரத்தில் புலி தாக்கிச் சிலர் மாண்டனர். தோட்டத் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். அவர்களுடைய குடும்பத்தாரிடம் போய் ஜீவகாருண்யம் போதிப்பது கொடுமை. ஆயின், அத்தகைய கொலை காவல் வேலை, அது விளையாட்டன்று. அதில் பெருமையுமில்லை, பதக்கமுமில்லை, சுவரில் மாட்டும் தலையுமில்லை. பசிக்காகப் பன்றியையும் மானையும் வேட்டையாடும் பூர்வகுடியாரின் செயலும் விளையாட்டன்று. 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம், குறித்த சில விலங்குகளை அவர்கள் தம் குடும்ப உணவுக்காக வேட்டையாட இடம் கொடுத்து, விற்பனையை விலக்கி வைத்திருக்கிறது. உணவுக்கும் ஆடம்பரத்துக்கும் உள்ள வேற்றுமையைச் சட்டமே உணர்ந்திருக்க, நூலாசிரியர் உணரலாகாதோ?

காண்டாமிருகத்தின் கதை

மாக்ஸ்வெல் தம் நூலில் பேராவிலுள்ள பின்ஜிப் பகுதியின் காண்டாமிருகத்தைத் தேடிச் சென்றதைச் சுவைபட எழுதியுள்ளார். இன்று அதனைப் படிப்பவருக்குச் சுவையோடு ஒரு நடுக்கமும் உண்டாகும். ஏனெனில் அவ்விலங்கு தீபகற்பக் காட்டில் அற்றுப்போய்விட்டது. சபாவில் எஞ்சியிருந்த கடைசிப் பெண் விலங்கும் 2019 நவம்பரில் இறந்தது. அதனோடு மலேசியாவில் அவ்வினம் முடிந்தது. சிங்கப்பூர்த் தீவின் கதையும் நாம் அறிந்ததே. காம்பியர்த் தோட்டக் கூலிகளைப் புலி அடித்த காலத்தில் அரசாங்கம் புலித் தலைக்குப் பரிசு அறிவித்தது. 1930ல் சுவா சூ காங் பகுதியில் கடைசிக் காட்டுப்புலி சுடப்பட்டது. புலியின் காடோ அதற்கு நெடுநாள் முன்பே தோட்டமாகவும் ஊராகவும் மாறியிருந்தது.

காண்டாமிருகத்தைத் தீர்த்தவை எவை? காடு சுருங்கியதும், கொம்பில் மருந்து இருக்கிறது என்ற மூடநம்பிக்கையுமே. நகத்துக்கும் மயிருக்கும் மூலமான பொருளே அக்கொம்பும். நகத்தைக் கடித்தால் காய்ச்சல் தீருமாயின் நாட்டில் வைத்தியசாலை எதற்கு? ஆனால் அந்த நம்பிக்கைக்கு விலை கொடுக்க ஆள் இருந்தமையால் கொல்ல ஆள் கிடைத்தார். எத்தனை சட்டம் இருந்தும், வாங்குவோர் இருக்கும்வரை கொல்வோர் ஓய்வதில்லை.

நம்மவர் பங்கு

இங்கே பிறரைக் குற்றஞ்சாட்டி நாம் கைகழுவிவிட முடியாது. கொல்லாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த நூலைப் பெற்றோம் என்று மேடையில் முழங்குகின்றோம். அம்முழக்கம் முடிந்து வீடு திரும்பியதும் குழந்தையின் கழுத்தில் புலிநகம் கட்டி, அச்சம் தீரும் என்று நம்புகின்றோம். அந்த நகம் தானாக முளைத்ததன்று. ஒரு புலி செத்து வந்தது. குழந்தைக்குத் துணிவு வேண்டுமாயின் கல்வி கொடுங்கள். செத்த விலங்கின் நகம் எந்த அச்சத்தையும் ஓட்டியதில்லை. விருந்துக்குக் காட்டிறைச்சி கிடைத்தது என்று பெருமை பேசுவோரும் நம்மிடையே உளர். தோட்டத்து ஓரத்தில் பன்றிக்கென்று வைக்கும் கம்பிக் கண்ணி, பன்றியின் கால் இது, புலியின் கால் இது என்று பார்த்துப் பிடிப்பதில்லை. தப்பிய விலங்கு மூன்று காலோடு திரியும். மூன்று கால் புலி மானைத் துரத்தாது; மரம் சீவுபவரைத்தான் தேடும். ஆகவே கண்ணி வைப்பவர் தம் அண்டை வீட்டாரின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

அன்றியும், காட்டை வெட்டுவதென்று முடிவு செய்வோர் ஓரிடத்தில் இருக்க, காட்டு விலங்கோடு மோதும் விதி தொழிலாளிக்கு வாய்ப்பது அநீதி. காடும் தோட்டமும் சந்திக்கும் எல்லையில் விடியுமுன் தனி ஆளை அனுப்பாமல் இருப்பது, விளக்கும் துணையும் கொடுப்பது, புலித்தடம் கண்டால் வேலையை நிறுத்தி அன்றைய கூலியைக் கொடுப்பது ஆகியன காட்டைக் காக்கும் செலவில் சேர்ந்தவை. புலியைக் காக்க வேண்டுமென்று நகரத்தார் விரும்புவாராயின், அந்த விருப்பத்தின் விலையை லயத்தில் வாழ்பவர் மட்டும் செலுத்துவது முறையன்று.

முடிவுரை

இந்நூல்களை எரிக்கச் சொல்லவில்லை, படிக்கவே சொல்கின்றோம். அவற்றிலுள்ள கூர்ந்த பார்வையும் பொறுமையும் நம் இளைஞர் பயில வேண்டியவை. தமிழிலும் காடு பற்றிய நூல்கள் எழ வேண்டும். அவற்றில் சுட்டவரின் வீரத்தினும் மரம் சீவியவரின் பெயர் முன்னே வர வேண்டும். ஆனால் வேட்டையே காட்டைக் காத்தது என்னும் முடிவை மட்டும் நாம் ஏற்கோம். தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் அடக்கமும், அவ்வடக்கத்தைச் சட்டமாக்கிய துணிவும், சட்டத்தைக் காட்டுக்குள் கொண்டு சென்ற காவலரின் கால்களுமே எஞ்சிய காட்டைக் காத்தன. ஹபேக்கின் நூலைப் படிப்போர் மறவாமல் அவர் காத்த காட்டையும் ஒருமுறை சென்று காண்க. அவர் எழுதியவற்றுள் சிறந்தது அதுவே.