கழற்றிய டவுன்பைப்பை வாங்குமுன் கையில் எடுத்துப் பாருங்கள்

என் போலோ 1.0 டிஎஸ்ஐயில் மாட்டியிருந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டவுன்பைப் விற்பனைக்கு இருக்கிறது. அதிகம் ஓடாததுதான். ஆனாலும் அந்த ஒரு சொல்லை நம்பி யாரும் பணம் கொடுக்கக் கூடாது.

டர்போவிலிருந்து புகை இறங்கும் முதல் குழாய் இது. கம்பெனிக் குழாயில் டர்போவை ஒட்டியே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கும்; அதன் தேனடையில் துளைகள் மிக நெருக்கம். இதிலோ சதுர அங்குலத்துக்கு 200 துளைதான். புகைக்குத் தடை குறைவதால் டர்போ சீக்கிரம் வேகம் பிடிக்கிறது. கம்பைநல்லூரிலிருந்து தருமபுரி போகும்போது லாரியை முந்த மிதித்தால் இழுவை முன்னைவிடச் சீக்கிரம் வருகிறது. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் கியர் குறைக்கும் வேலை கொஞ்சம் மிச்சம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ரீமேப் செய்யாத காரில் 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் என்ற கணக்கைத் தாண்டவிடாமல் இசியூ பூஸ்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கழற்றியதற்குக் காரணம் பி0420. கன்வெர்ட்டர் போதிய அளவு வேலை செய்யவில்லை என்று பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் சொன்னால் வரும் கோடு அது. செக் இன்ஜின் விளக்கு எரியும். சென்சாரை ஏமாற்ற ஒரு சின்ன ஸ்பேசர் விற்கிறார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் புகையை ஊருக்கு விடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

பழைய டவுன்பைப் எதுவானாலும் முதலில் குழாயின் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்த கரி ஒட்டினால் பயமில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக வந்தால், அந்தக் காரின் டர்போ சீலோ இன்ஜினோ எண்ணெய் விட்டிருக்கிறது; அந்த எண்ணெய் தேனடையையும் கெடுத்திருக்கும். அடுத்து வெல்டிங். ஃபிளேஞ்ச் ஓரத்தில் தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் சூட்டில் அது வளரும். டார்ச் அடித்து, நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். பொன்னிறமும் நீலமும் கலந்த சூட்டுக் கறை குறையல்ல, ஸ்டீல் சூடேறினால் அப்படித்தான் ஆகும். புதுசு போலப் பளபளக்கிறதென்றால் பஃப் அடித்ததா என்று கேளுங்கள். சென்சார் மரையில் ஒரு சென்சாரைக் கையாலேயே திருகிப் பாருங்கள், தடங்கலில்லாமல் இறங்க வேண்டும். காதருகே வைத்துக் குலுக்கும்போது கடகடவென்றால் தேனடை உடைந்திருக்கிறது, வேண்டாம். கேஸ்கெட்டை மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள்.

கன்வெர்ட்டரே இல்லாத வெற்றுக் குழாய் இருங்காட்டுக்கோட்டை, கரி போன்ற பந்தயத் தடங்களுக்கு உரியது. சாலையில் புகை, ஒலி வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ஆம் பிரிவின்படி முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

என்னுடையதிலும் பி0420 வந்ததால் பந்தயத் தடத்தில் ஓட்டுபவருக்கு மட்டுமே கொடுப்பேன். விலை புதுசில் பாதி. வெல்டிங், மரை, தேனடை மூன்றின் படங்களும் முதலில் வரும். பிடித்திருந்தால் பார்சலில் போடுகிறேன்.