சிறிய எஞ்சினும் டர்போவும்

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவே திருமுருகன்பூண்டியைக் கடந்து செல்லும் சாலையில், நிட்டிங்குக்கும் டையிங்குக்கும் பிரிண்டிங்குக்குமாக நாள் முழுதும் அலைகிற பனியன் கம்பெனிக்காரரின் சிறிய காருக்கு டர்போ எவ்வளவு பிரயோஜனப்படுகிறது என்று பாராமல், அதன் குதிரைத்திறனை மட்டும் கொண்டாடுவது நியாயமான மதிப்பீடு ஆகாது.

டர்போவின் தத்துவம் உயர்ந்ததே. எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெப்பமாக விரயமாகிறது. அந்தப் புகையைக் கொண்டே சிறு விசிறிச் சக்கரம் ஒன்றை நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலச் செய்து, அதே தண்டின் மறுமுனைச் சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் உபாயத்துக்கு, ஸ்விட்சர்லாந்தின் ஆல்பிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் 2006 பட்ஜெட், நான்கு மீட்டர் நீளத்துக்கும் பெட்ரோலில் 1200 சி.சி.க்கும் டீசலில் 1500 சி.சி.க்கும் மேற்படாத கார்களுக்குக் கலால் வரியைக் குறைக்கவே, சிறிய எஞ்சினில் பெரிய இழுவையைப் பெறும் அவசியம் வந்தது. மறைமலைநகரில் தயாராகி 2013-இல் வெளிவந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் 999 சி.சி. எஞ்சின், மூன்றே சிலிண்டர்களில் 125 குதிரைத்திறன் தந்தது சாமானியச் சாதனை அன்று.

ஆயினும் அந்தச் சாதனை சேலம் நோக்கிய நான்குவழிச் சாலைக்கு உரியது. பூண்டியில் ஷிப்ட் விடும் நேரத்து நெரிசலில், இரண்டாம் கியரில் ஊர்ந்து, நின்று, மறுபடி ஊரும்போது புகையின் வேகம் குறைவு. டர்போ விழித்துக்கொள்வதற்குள் முன்னால் இருந்த இடைவெளியில் ஒரு மொபெட் நுழைந்துவிடும். அவசரப்பட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மைலேஜ் சரிகிறது. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து உடனே எஞ்சினை அணைப்பவரின் காரிலோ, தகிக்கும் டர்போவுக்குள் தங்கிய ஆயில் கருகிப் படிகிறது. ஒரு நிமிஷம் ஐடிலில் விடும் பொறுமையும், காலத்தில் ஆயில் மாற்றும் ஒழுங்கும் இல்லாதவருக்கு இந்த யந்திரம் செலவையே தரும்.

இந்தச் சாலைக்குப் பொருத்தமானது, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை மீட்கும் ஏற்பாடே என்பது என் துணிபு. 2023-இல் வந்த மாருதி ஃப்ராங்ஸின் ஒரு லிட்டர் டர்போவில் இரண்டும் இணைந்திருக்கின்றன: வேகம் தணியும்போது பெல்ட்டில் ஓடும் ஜெனரேட்டர் சிறு பேட்டரியை நிரப்பி, மறுபடி கிளம்பும்போது, அதாவது டர்போ உறங்கும் அதே தருணத்தில், மோட்டாராக மாறிக் கைகொடுக்கிறது. பேட்டரி மிகச் சிறியதாதலால் உதவியும் சொற்பமே. சித்திரை வெயிலில் ஏ.சி.க்காக எஞ்சின் ஓடியே தீரவேண்டியிருக்கையில், சிக்னலில் அணைந்து மிச்சப்படுத்தும் வசதியும் பெரும்பாலும் பெயரளவில்தான். என்றாலும் திசை சரியானது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தபோதும், அளவுகோல் பழைய நீளமும் கன அளவுமாகவே நின்றுவிட்டது. பிரேக்கில் மீட்கும் சக்திக்கும் அதில் ஓர் இடம் வேண்டும்.