எதிர்ச்சொல் பொறுக்காத சுவர்கள்

“விளம்பரம் செய்யாதீர்!” இந்த ஆணையைக்கூடச் சுவரில்தான் எழுத வேண்டியிருக்கிறது. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959-இல் சட்டமே வந்தது, சுவர்கள் ஊமையாகவில்லை. ஆக வேண்டாம் என்பதே என் கட்சி. ஆனால், அவை இன்று பேசுவது பேச்சுத்தானா, தோழர்களே?

சிதம்பரம் செல்லுங்கள். கோயிலின் வடகோபுரம் கிருஷ்ணதேவராயரின் போர் வெற்றிக்கு நினைவு. மன்னர் அளித்த நிலமும் நிவந்தமும் கல்லிலே வெட்டப்பட்டுள்ளன. கொடுத்தவன் பேசுகிறான், உழுதவன் வாய் திறக்கவில்லை. நந்தனுக்கு உளியும் கல்லும் தந்தவர் யார்? மறுமொழிக்கு இடம் வைக்காத எழுத்து ஆணையாகும், உரையாடல் ஆகாது.

வேறுவகைச் சுவரும் உலகில் உண்டு. இத்தாலியில், கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெயி நகரின் மதுக்கடைச் சுவரொன்றில், சக்செசஸ் என்னும் நெசவாளியின் கைகூடாக் காதலை அவன் போட்டியாளன் ஏளனம் செய்கிறான். சக்செசஸ் சீறிப் பதில் எழுதுகிறான். முன்னவன் மீண்டும் ஒரு கணை விடுகிறான். அற்பச் சண்டைதான்! எனினும், அரசன் அனுமதியும் புரோகிதன் ஆசியும் இல்லாமலே ஒரு நெசவாளியின் சினம் பத்தொன்பது நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறதே!

நம் இயக்கம் தார்ச்சட்டியைத் தூக்கியதும் எதிர்ச்சொல் எழுதத்தான். 1952 ஆகஸ்டில் இரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தை அழித்தது, டில்லி எழுதியதற்குத் தமிழகம் தந்த மறுமொழி. 1953-இல் டால்மியாபுரம் என்ற பெயரின் மீது கல்லக்குடி என்று ஒட்டியது மற்றொன்று. மறுத்துப் பேசும் உரிமைக்கு என்ன விலை என்பதைச் சிதம்பரம் அறியும். 1965 ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்.

இன்றோ, கடலூர்த் தெருக்களில் சுவருக்கும் முன்பதிவு! இன்ன கட்சிக்கு, இன்ன ஆண்டு வரை என்று வெள்ளையடித்து வேலி போடுகிறார்கள். உள்ளே பெயர், பட்டம், பிறந்தநாள் வாழ்த்து. எந்தக் கட்சிக்கும் விலக்கில்லை, நம்மவர்க்கும் இல்லை. வாதம் எங்கே? கேள்வி எங்கே? கல்லில் மெய்க்கீர்த்தி வெட்டிய மன்னனைப் பழித்துவிட்டுச் சுண்ணாம்பில் அதையே எழுதுவது பகுத்தறிவா?

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சந்து. வாழ்த்து வரிகளின் கீழ் யாரோ கரித்துண்டால், “தண்ணீர் எப்போது வரும்?” என்று கேட்டிருந்தார். கோணல் எழுத்து, ஓர் எழுத்துப் பிழையும் உண்டு. ஆசிரியன் கண்ணுக்குப் பிழைதான் முதலில் பட்டது, வெட்கம்! மறுநாள் அவ்வழியே போனேன். வாழ்த்து அப்படியே இருந்தது. கேள்வியின் மேல் மட்டும் புதுச் சுண்ணாம்பு.