பூனைக்குட்டி சும்மாவா இருக்கிறது? மார்ஜார நியாயமும் காப்பகத்துப் பூனையும்

ஸ்ரீவில்லிபுத்தூர், மம்சாபுரம் பக்கம் உபன்யாசம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மார்ஜார நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும், இது வடகலை. பூனைக்குட்டியைத் தாயே வாயில் கவ்விக்கொண்டு போகும், குட்டி சும்மா கிடக்கும், இது தென்கலை. ஜீவன் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமா, இல்லை பகவானின் கிருபை காரணமே இல்லாமல் வருமா என்ற பெரிய விவாதத்தை இரண்டு மிருகங்களை வைத்து இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். வசதியான உவமைதான். ஆனால் இதுவரை பூனையே வளர்த்திராத நான், காப்பகத்திலிருந்து ஒரு வளர்ந்த பூனையைத் தத்தெடுத்து வந்த பிறகு, அந்த ‘சும்மா கிடக்கும்’ மட்டும் இடிக்க ஆரம்பித்தது.

முதலில் குட்டியையே பார்ப்போம். தாய் பிடரியைக் கவ்வியதும் குட்டி அசைவை நிறுத்தும். பின்னங்கால் மடங்கும், வால் வயிற்றோடு ஒட்டும். பார்க்கிறவர்களுக்கு இது ஒன்றும் செய்யாமல் இருப்பது. 2013-இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தினர் சுண்டெலிக் குட்டிகளில் இதைச் சோதித்தார்கள். தூக்கியதும் அசைவும் கத்தலும் அடங்கின, இதயத்துடிப்பு குறைந்தது. பிடரித் தோலை மரத்துப்போகச் செய்து அந்த அடக்கத்தைத் தடுத்தபோது, தாய் குட்டியை மீட்டுத் தூக்கிப்போகக் கூடுதல் நேரம் ஆனது. அதாவது, குட்டி அடங்கிப்போவதும் மீட்பில் ஒரு பங்கு. சோதனை நடந்தது எலியில்தான். இருந்தாலும் பூனைக்குட்டி உடம்பைச் சுருட்டிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

இதனால் உவமை தோற்றுப்போச்சா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தென்கலை மரபிலேயே இதற்கு ஒரு சொல் இருக்கிறது: விலக்காமை. வடமொழியில் அப்ரதிஷேதம் என்பார்கள். பிள்ளை லோகாசாரியாரின் ஸ்ரீவசனபூஷணமும், அதற்கு மணவாள மாமுனிகள் எழுதிய வியாக்கியானமும் இந்த இடத்தை மிகக் கவனமாகக் கையாளுகின்றன. கிருபைக்கு ஜீவனின் முயற்சி காரணமல்ல. ஆனால் வருகிற கையைத் தள்ளிவிடாமல் இருக்க வேண்டும். ‘சும்மா’ என்பதைவிட இது எவ்வளவு துல்லியம்! என் குறையெல்லாம், மேடையில் உவமையைச் சொல்கிறவர்கள் பூனையை வைத்துக்கொண்டு இந்தச் சொல்லை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான்.

தத்தெடுப்பைப் பற்றி நாம் பேசுவதிலும் இதே குறை உண்டு. ‘ஒரு உயிரைக் காப்பாத்திட்டேன்’ என்கிறோம். காப்பாற்றுபவர் நாம், பூனை வெறும் பொருள். வளர்ந்த பூனை இந்தக் கதைக்குள் அடங்காது. அதன் பிடரியைப் பிடித்துத் தூக்கினால் குட்டி மாதிரி அடங்கிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். பூனை மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்புகள் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அப்படிப் பிடிக்கவே கூடாது என்கிறது. பூனைக்கு அதனால் பயமும் பதற்றமும்தான் கூடும். குட்டி மனிதக் கைக்குப் பழகிக்கொள்ளும் பருவம் கிட்டத்தட்ட 2 முதல் 7 வாரம் வரை. அந்த வயதில் நல்ல கை படாமல் வளர்ந்த பூனை நம்மைக் கண்டதும் கட்டிலுக்கடியில் போனால் அது நன்றி கெட்டத்தனம் இல்லை.

அப்போது என்னதான் செய்வது? நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றில், புதிதாக வந்த 19 பூனைகளில் 10-க்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வில், பெட்டி கிடைத்த பூனைகளின் பதற்றம் முதல் சில நாட்களிலேயே மற்றவற்றைவிடக் குறைவாக இருந்தது. ஒரு அட்டைப்பெட்டி, பக்கத்தில் தண்ணீர், சாப்பாடு, சற்றுத் தள்ளி மணல் தட்டு, ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு அறை. முதல் தடவை வளர்க்கிறவருக்கு இது போதும். கையை நீட்டாமல் அதே அறையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம். அது வந்து உரசும்வரை நாம் காத்திருக்க வேண்டும். இங்கே விலக்காமல் இருக்க வேண்டியது நாமும்தான்.

சென்னையில் புளூ கிராஸ் 1959-லிருந்து இருக்கிறது. மம்சாபுரத்தில் காப்பகத்திலிருந்து பூனை எடுத்து வந்தேன் என்றால் இன்னும் சிரிப்பார்கள். ராஜபாளையம் நாய்க்குப் பேர்போன வட்டாரம் வேறு. சிரிப்பு பரவாயில்லை. ‘நாலு நாளாச்சு, இது ஒட்டலை’ என்று சாக்கில் கட்டி அடுத்த ஊர் எல்லையில் விட்டுவருகிற பழக்கம்தான் கவலை. இன்னும் ஒரு வாரம் அறைக்கதவைச் சாத்திப் பெட்டியை அங்கேயே விட்டுவைத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும் பூனைகள் எத்தனையோ. பூனையை உவமையாக இத்தனை நூற்றாண்டு வைத்திருக்கிற ஊர்க்காரர்கள், அதற்கு அந்த ஒரு வாரத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.